மாதத்துக்கு ஒரு ஞாயிறு

மகன் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. பேத்திக்கு ஆறு வயது. மருமகள் அவளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். முதலில் வாராவாரம் போய்ப் பார்த்தோம். போன மாதம் போனில், "அத்தை, இனிமே மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமா? இவ ரொம்ப அலைஞ்சு களைச்சுப் போறா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் மறுநாளே வக்கீலிடம் நேரம் வாங்கிவிட்டார்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "மருமகள் குழந்தையை நல்லாப் பார்த்துக்கறாங்களா?"

"நல்லாத்தான் பார்த்துக்கறா" என்றேன். இவர் என்னை முறைத்தார்.

"அப்போ கஷ்டம்தாம்மா" என்றவர், அமெரிக்க வழக்கு ஒன்றைச் சொன்னார். ட்ராக்ஸல் எதிர் கிரான்வில். வீட்டுக்கு வந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து அந்தத் தீர்ப்பைப் படித்தேன். எங்கள் கதையையே யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது.

வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு பெண் குழந்தைகள். அப்பா 1993-ல் இறந்துபோகிறார். தாத்தா பாட்டி மாதம் இரண்டு வார இறுதிகள், கோடை விடுமுறையில் இரண்டு வாரம் கேட்கிறார்கள். அம்மா சொன்னது மாதம் ஒரு நாள், ராத்தங்கல் கிடையாது. கீழ்க்கோர்ட் நீதிபதி நடுவில் ஒரு கோடு போட்டார்: மாதம் ஒரு வார இறுதி, கோடையில் ஒரு வாரம், தாத்தா பாட்டி பிறந்தநாள்களில் நான்கு மணி நேரம். சின்ன வயதில் தானும் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வீடுகளிலும் ஆளுக்கு ஒரு வாரம் தங்கியதுண்டு, சந்தோஷமாகத்தான் இருந்தது என்று வேறு சொல்லியிருக்கிறார். பாவம், நல்ல மனுஷர். ஆனால் அவருடைய சிறுவயது சந்தோஷத்துக்கும் இந்தக் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதைத்தான் கேட்டது. 2000-ல், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், அந்த உத்தரவு செல்லாது என்றது. அந்த மாநிலத்தில் அப்போதிருந்த சட்டப்படி யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்க முடிந்தது. பிள்ளையை ஒழுங்காக வளர்க்கிற தாயின் முடிவுக்குத் தனி மதிப்பு உண்டு, இன்னும் நல்ல முடிவு இருக்கிறதென்று நீதிபதிக்குத் தோன்றுவது மட்டும் போதாது என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதினார். அந்த அம்மா உறவை அடியோடு வெட்டவில்லையே என்பதையும் குறிப்பிட்டார். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். என் மருமகளும் வெட்டவில்லை. குறைத்தாள்.

மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், ஏற்கெனவே ஏற்பட்ட உறவைக் காப்பாற்றிக்கொள்வதில் குழந்தைக்கும் அக்கறை இருக்குமே என்றார். பிரான்ஸின் சிவில் சட்டம் இதில் இன்னும் தெளிவு. தாத்தா பாட்டியோடு உறவு வைத்துக்கொள்வது குழந்தையின் உரிமை என்கிறது. குழந்தையின் நலன் மட்டுமே அதற்குத் தடையாகலாம். எங்கள் உரிமை, எங்கள் உரிமை என்று இவர் மேஜையைத் தட்டியபோது, அந்தச் சட்டத்தைத்தான் படித்துக் காட்டினேன். "அது பிரான்ஸ்" என்றார். சரி, அதுவும் வாஸ்தவம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். என் மகனுக்கு நாலு வயதிருக்கும்போது, என்னைக் கேட்காமல் என் மாமியார் அவன் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார். வெயில் காலம், அவர் நல்லதுக்குத்தான் செய்தார். நான் மூன்று மாதம் அவனை அங்கே தனியாக அனுப்பவில்லை. அப்போது யாராவது எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தால் மூன்று மாதம் மூன்று வருஷமாகியிருக்கும்.

மனு இன்னும் தாக்கல் ஆகவில்லை. கையெழுத்துக்கு வந்த காகிதங்கள் அலமாரி மேல் கிடக்கின்றன. இவர் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என்னையும் பார்க்கிறார்.

நேற்று மருமகளுக்கு மெசேஜ் போட்டேன்: "ஞாயிறு எத்தனை மணிக்கு வரட்டும்?"

"பத்து மணிக்கு வாங்க அத்தை. அவளோட யானை பொம்மை அங்கதான் இருக்காம். மறக்காம எடுத்துட்டு வரணுமாம்."

பொம்மையைத் தேடி எடுத்தாயிற்று. ஒரு காது பிய்ந்திருக்கிறது, தைக்க வேண்டும்.