டபிள்யூ-2 வந்தா மொதல்ல பாக்ஸ் 4-ஐயும் 6-ஐயும் பாருங்க

ஊர்ல இருந்தவரைக்கும் டேக்ஸ்னா ஜூலை மாசம் அப்பா ஃபார்ம் 16-ஐ எடுத்துக்கிட்டு ஆடிட்டர் வீட்டுக்குப் போயிட்டு வருவாரு, அவ்ளோதான் எனக்குத் தெரியும். அமெரிக்கால டெக்ஸஸ்ல எம்எஸ் படிக்க வந்து 2025-ல மொதத் தடவையா நானே ஃபைல் பண்ண வேண்டியதாப் போச்சு. 2024-ல கேம்பஸ் லைப்ரரி வேலையில 4,500 டாலர், சம்மர்ல சிபிடில (படிப்போட பாகமா வெளிய வேலை பார்க்கத் தர்ற அனுமதி) பண்ண இன்டர்ன்ஷிப்ல 12,000 டாலர், ஆக ரெண்டு டபிள்யூ-2 (வேலை கொடுத்தவங்க வருஷம் முடிஞ்சதும் தர்ற சம்பளம், டேக்ஸ் பிடித்தக் கணக்கு, நம்ம ஃபார்ம் 16 மாதிரி).

என் ரூம்மேட் டிவில விளம்பரம் வர்ற ஒரு சாஃப்ட்வேர்ல அரை மணி நேரத்துல முடிச்சுட்டான். ரீஃபண்டும் என்னோடதைவிட பெருசு, ரெண்டு நாள் அதையே சொல்லிக்காட்டிட்டு இருந்தான். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவன் போட்டது ரெசிடென்ட்டுங்க (டேக்ஸ் கணக்குல இந்த ஊர்க்காரங்க) போடுற 1040 ரிட்டர்ன், அதுல நமக்குக் கிடைக்காத படிப்பு கிரெடிட்டையும் சேர்த்து கிளெய்ம் பண்ணிருக்கான். எஃப்-1ல (மாணவர் விசா) வந்தா மொத 5 காலண்டர் வருஷம் பொதுவா நாம நான்-ரெசிடென்ட்தான் (டிசம்பர் கடைசி வாரம் வந்து இறங்கினாலும் அது ஒரு வருஷக் கணக்கு), போடவேண்டியது 1040-என்ஆர் ரிட்டர்ன், கூடவே 8843 (மாணவரா இங்க இருந்த நாளை ரெசிடென்ட் கணக்குல சேர்க்காம இருக்கப் போடுற ஃபார்ம்). பாவம், அப்புறம் 1040-எக்ஸ்னு திருத்தின ரிட்டர்ன் போட்டு காசைத் திருப்பிக் கட்டினான். சம்பளமே வாங்காதவங்களும் 8843 அனுப்பணும், எஃப்-2ல (மாணவரோட குடும்பத்துக்கான விசா) வந்த மனைவிக்கும் தனியா ஒண்ணு, இதை நிறைய பேர் விட்டுடுறாங்க.

யூனிவர்சிட்டில ஸ்பிரின்டாக்ஸ்ங்கிற நான்-ரெசிடென்ட் டேக்ஸ் சாஃப்ட்வேருக்கு கோட் கொடுத்தாங்க, அதுலதான் போட்டேன். நமக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கு. நான்-ரெசிடென்ட்டுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (டேக்ஸ் போடுறதுக்கு முன்னாடி வருமானத்துல கழிச்சுக்கிற நிலையான தொகை) கிடையாது, ஆனா இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தோட 21-வது பிரிவால இந்திய மாணவருக்கு மட்டும் உண்டு, ஃபார்ம்ல அந்த லைன்லயே இந்தியாக்காரங்களுக்குன்னு அச்சடிச்சிருக்கான். என் லேப்ல இருக்கிற சைனாக்காரனுக்கு வேற கணக்கு, 5,000 டாலர் சம்பளம் வரைக்கும் விலக்கு. எனக்கு 16,500-ல 2024-க்கான அந்தக் கழிவு 14,600 போக 1,900, அதுக்கு 10 சதவீதம் 190 டாலர்தான் டேக்ஸ். ஏற்கெனவே 1,340 பிடிச்சிருந்தாங்க, 1,150 மூணு வாரத்துல அக்கவுன்ட்டுக்கு வந்துடுச்சு. டெக்ஸஸ்ல ஸ்டேட் டேக்ஸ் இல்லாததால அந்தத் தலைவலியும் இல்ல.

இனிமேதான் கதையே. லைப்ரரி டபிள்யூ-2ல பாக்ஸ் 4-உம் 6-உம் காலி, இன்டர்ன்ஷிப் டபிள்யூ-2ல 744-உம் 174-உம் போட்டிருந்துச்சு. பாக்ஸ் 4 சோஷியல் செக்யூரிட்டி (பென்ஷனுக்குப் பிடிக்கிறது) 6.2, பாக்ஸ் 6 மெடிகேர் (வயசானவங்க மருத்துவத்துக்கு) 1.45, மொத்தம் 7.65 சதவீதம், நான்-ரெசிடென்ட் எஃப்-1 மாணவன்கிட்ட சிபிடி சம்பளத்துல இதைப் பிடிக்கவே கூடாது. சம்மர் முழுக்க பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) கையிலதான் இருந்துச்சு, ஒரு நாள்கூட ஒழுங்காப் பார்க்கல, என் தப்புதான். 918 டாலர் எனக்கு ஒன்றரை மாச வாடகைங்க!

இது 1040-என்ஆர்ல திரும்ப வராது, மொதல்ல கம்பெனிகிட்டதான் கேக்கணும். பேரோல் டீமுக்கு மெயில் போட்டேன், பதில் இல்ல, மறுபடி போட்டேன், "எல்லாருக்கும் இப்படித்தான் பிடிப்போம்"னு ஒரு வரி வந்துச்சு. நான் அந்த மெயிலையே பிரின்ட் எடுத்து, பிடிச்சதைத் திருப்பிக் கேக்குற ஃபார்ம் 843, 8316, டபிள்யூ-2 காப்பி, விசா, ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு), ஐ-20ல (யூனிவர்சிட்டி தர்ற மாணவர் சான்று) சிபிடி பக்கம் எல்லாத்தையும் வச்சு தனி கவர்ல ஐஆர்எஸ்-க்கு, அதாவது அமெரிக்க வரித்துறைக்கு, சர்டிஃபைட் மெயில்ல அனுப்பிட்டு, ரசீதை பாஸ்போர்ட்டுக்குள்ள சொருகிட்டு மறந்தே போயிட்டேன்.

ஏழு மாசம் கழிச்சு செக் வந்துச்சு, 918-க்கு மேல கொஞ்சம் வட்டியும் சேர்த்து. ரூம்மேட் அந்தக் கவரை பீட்சா கூப்பனோட சேர்த்து குப்பைக்கூடையில போட்டிருந்தான், நல்லவேளை அன்னைக்கு குப்பை கொட்டுற முறை என்னோடது. அப்பாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன், எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "சரி தம்பி, அந்த வட்டிக்கு டேக்ஸ் உண்டாடா?"ன்னாரு.