தலையணை நனைந்ததற்குக் காரணம் ஒரு கேஸ் மாத்திரை

அப்பாவுக்கு 68 வயது. ஆறு மாதமாகக் கடைவாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது, காலையில் தலையணை உறையைப் பிழியலாம் போல இருக்கும். அம்மா வயிற்றுப் பூச்சி என்று மாத்திரை கொடுத்தார். பல் டாக்டர் பல்செட்டைக் குறை சொல்லிப் புதிதாகச் செய்து கொடுத்தார். மூன்றாமவர் எச்சிலை வற்றவைக்க மாத்திரை எழுதினார். வாய் காய்ந்தது உண்மைதான், கூடவே ஒன்றுக்கும் அடைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு டியூப் போட ஓடினோம். புராஸ்டேட் வீக்கம் இருக்கிறவர்கள் அந்த வகை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம்தான் காரைக்குடியிலிருந்து பஸ் பிடித்து மதுரையில் நரம்பு டாக்டர். மூன்று மணி நேரக் காத்திருப்பு. அவர் முதலில் வாயைப் பார்க்கவே இல்லை. நடக்கச் சொன்னார், கைகள் வீசவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார், எறும்பு ஊர்ந்த மாதிரி குட்டியாக விழுந்தது. எச்சில் அதிகம் ஊறவில்லையாம், தன்னையறியாமல் விழுங்குவதுதான் குறைந்துவிட்டதாம். உடல் அசைவை மெதுவாக்கும் நரம்பு நோயான பார்கின்சன் மாதிரி இருக்கிறது, ஆனால் சில மாத்திரைகளாலும் இப்படி வரும், என்னென்ன சாப்பிடுகிறார் என்றார். பிரஷர், சுகர் மாத்திரை தவிர வேறு எதுவும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அப்பாதான் மெதுவாக, "கேஸுக்கு ஒண்ணு போடுவேன், அது மாத்திரைல சேர்த்தியா?" என்றார். ஒரு வருஷமாக, சீட்டே இல்லாமல், மெடிக்கலில் வாங்கி!

பெயர் கேட்க வீட்டுக்குப் போன் போட்டால், அம்மா கையில் இருந்தது கத்தரித்துக் கொடுத்த அட்டைத் துண்டு. பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. பெயரோடு வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். லீவும் பஸ் காசும் வீண்.

அடுத்த வாரம் முழு அட்டையோடு போனேன். அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோலுடன் லெவோசல்பிரைடு. இரண்டாவதுதான் மூளையில் உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுத்திருக்கிறது. நிறுத்தினாலும் உடனே சரியாகாது, மாதக்கணக்கில் ஆகலாம், அப்படியும் குறையாவிட்டால் பார்கின்சன்தானா என்று பார்க்கலாம் என்றார். மூன்றாம் மாதம் தலையணை காய்ந்தது, கையெழுத்தும் பெரிதானது.

ஆகவே டாக்டரிடம் போகும்போது கேஸ், தலைச்சுற்றல், வாந்தி மாத்திரை உட்பட எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். தலைச்சுற்றலுக்கான சின்னரிசினும் இதே வேலையைச் செய்யும். திடீரென்று ஒரு பக்கம் வாய் கோணி எச்சில் வடிந்தால் மட்டும் அட்டை தேடாதீர்கள், அது பக்கவாதமாக இருக்கலாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மெடிக்கல்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "அது ஒத்துக்கலைன்னா இதக் குடுங்க சார்" என்று வேறு கம்பெனி அட்டையை நீட்டினார். திருப்பிப் பார்த்தேன், அதிலும் லெவோசல்பிரைடு.