விதை நிதி வந்தது, ஆட்கள் வருவார்களா?

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி டீச்சருக்கு அது எதற்கு? ஆனால் ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பது), டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிக்கத் தடுமாறுவது) மாதிரியான மூளை வளர்ச்சிக் குறைபாடுகளைப் பற்றி ஆராயும் ஓர் இளம் விரிவுரையாளர் தமிழ் பேசும் பிள்ளைகளைத் தேடி எங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து, "விதை நிதி" என்கிற சமாச்சாரத்தைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியம் மாதிரியான பெரிய பணத்துக்கு மனுப் போட்டால், மதிப்பிடுகிறவர்களின் முதல் கேள்வி, "இதுவரை என்ன கையில் வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். கையில் ஏதாவது இருக்க வேண்டுமானால் ஏற்கெனவே பத்துப் பிள்ளைகளையாவது பார்த்திருக்க வேண்டும். பார்ப்பதற்குப் பணம் வேண்டும். இந்தச் சுழலை உடைக்கத்தான் பல்கலைக்கழகங்கள் தங்கள் கையிலிருந்தே ஒன்றிரண்டு வருஷத்துக்குச் சின்னத் தொகை ஒன்றைக் கொடுக்கின்றன, முக்கியமாகப் புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு. அதுதான் விதை நிதி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்திலும் ஆர்21 என்று ஒரு மானியம் உண்டு. முன்பே திரட்டிய தகவல் இல்லாமலே மனுப் போடலாம், இரண்டு வருஷத்துக்கு 275,000 டாலர் வரை நேரடிச் செலவுக்குத் தருவார்கள். அங்கே அதைச் சின்ன மானியம் என்கிறார்கள்! எங்கள் விரிவுரையாளரின் கணக்கைப் பார்த்தால் உதவியாளர் சம்பளம், பெட்ரோல், ஒலிப்பதிவுக் கருவி, அச்சுச் செலவு, அவ்வளவுதான்.

அந்தப் பணத்தில் யாருக்கும் குணமாகப் போவதில்லை. இதைப் பெற்றோரிடம் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதுமே, "மருந்து கண்டுபிடித்துவிட்டார்களா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். விதை நிதியில் நடக்கிற முன்னோட்ட ஆய்வு என்பது பெண் பார்க்கப் போகிற செலவு மாதிரி, கல்யாணம் அதில் நடக்காது. ஆட்கள் வருவார்களா, வந்தவர்கள் இரண்டாம் முறையும் வருவார்களா, கேட்கிற கேள்வி அவர்களுக்குப் புரிகிறதா, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, இதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பணம்.

அந்தக் கேள்வி புரிகிறதா என்கிற இடத்தில்தான் எனக்குக் கண் திறந்தது.

சின்னக் குழந்தைக்கு ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. இப்போது புழங்குவதில் 20 கேள்விகள், 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு. நம் அரசாங்க கிளினிக்குகளில் 18 மாதத்துக் குழந்தையைக் கொண்டுபோனால் கேட்பது எம்-சாட் கேள்விகளைத்தான். ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். கோயில் மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்திருந்தோம். ஒரு பையனோடு அவன் பாட்டி வந்திருந்தார், அம்மாவுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட். "பாட்டி, ஏதாவது வேணும்னா விரலால் காட்டுவானா?" என்று விரிவுரையாளர் கேட்டார். "காட்டுவானே, நல்லா காட்டுவான் டாக்டரம்மா" என்றார் பாட்டி. அவருக்கு யார் வந்தாலும் டாக்டரம்மாதான். ஆமாம் என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். விரிவுரையாளர் போகவில்லை. "எப்படிக் காட்டுவான், செய்து காட்டுங்க" என்றார். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், மூலையில் இருந்த தண்ணீர் ஜாடியின் மேல் என் கையை வைத்தார். "இப்படித்தான். வாயைத் திறக்க மாட்டான், மூஞ்சியைப் பார்க்க மாட்டான், கையை மட்டும் இழுப்பான்."

அது விரலால் சுட்டுவது இல்லை. இன்னொருவர் கையைக் கருவியாகப் பிடித்துக்கொண்டு போவது, அந்தக் கேள்வியே பிரித்துப் பார்க்க நினைக்கிற விஷயம். பேனா ஓர் அங்குலம் நகர்ந்திருந்தால் அந்தப் பையன் "பிரச்சினை இல்லை" பக்கம் போயிருப்பான். எம்-சாட்டில் சந்தேகப் பதில் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண், 3 முதல் 7 வரை வந்தால் மறுபடி விரிவாக விசாரிக்கச் சொல்கிறார்கள், ஆனால் அந்த மதிப்பெண்ணே குறைவாக விழுந்துவிட்டால் யார் விசாரிப்பது? கூட்டம் நிறைந்த கிளினிக்கில் நர்ஸ் மிஸியைக் குறை சொல்லி என்ன பயன், அவருக்கு அடுத்த நம்பர் காத்திருக்கிறது. இப்படிச் செய்து காட்டச் சொல்லும் நேரத்தைத்தான் விதை நிதி வாங்கித் தருகிறது என்பது என் கட்சி.

பள்ளிக்கூடத்து வயதிலும் இதே கதைதான். வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிற பிள்ளையைச் சேட்டைக்காரன் என்று ஒதுக்கிவிடுகிறோம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறியும் கையேடான டிஎஸ்எம்மின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வருகிற வரைக்கும், ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒரே பிள்ளைக்கு இருப்பதாக எழுதவே அந்தக் கையேடு இடம் கொடுக்கவில்லை. மருத்துவர்களுக்கே அப்படி என்றால் எங்களைச் சொல்ல வேண்டுமா! பேச்சுப் பயிற்சித் துறை, உளவியல் துறை, குழந்தை மருத்துவத் துறை எல்லாம் சேர்ந்து ஒரே பிள்ளையைப் பார்க்க வேண்டிய வேலை இது, பெரிய மானியத்துக்கு முன்பே அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கவும் இந்தச் சின்னப் பணம் உதவும்.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். சுகாதார அமைச்சின் கிளினிக்குக்குள் ஆய்வு செய்ய, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து அமைச்சின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். வேண்டிய விதிதான், பிள்ளைகள் விஷயம். ஆனால் ஒரு வருஷப் பணத்தில் பாதி வருஷம் கடிதப் போக்குவரத்திலேயே கரைந்தால் மிச்சத்தில் என்ன செய்வது? அனுமதி கைக்கு வந்த நாளிலிருந்து காலத்தை எண்ணலாமே.

அடுத்தது இதைவிட எரிச்சலானது. சில வருஷங்களுக்கு முன்பும் ஒரு குழு வந்தது. செம்பனைத் தோட்டத்தில் படிவம் நிரப்பி, பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லி, பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு வரி கிடையாது. இப்போது நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டால், "வந்து என்னத்த கிழிச்சாங்க?" என்கிறார்கள். நியாயம்தானே. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு வெட்டின எடைக்குக் கூலி, ஈப்போவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற நாளில் கூலி இல்லை. பேச்சுப் பயிற்சிக்கு அடுத்த தேதி மாதக்கணக்கில் தள்ளி விழுகிறது. அவர் ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தால் பிள்ளையைப் பற்றி ஒரு தாளாவது எழுதிக் கொடுக்க வேண்டாமா?

பிடிகே நிலையங்கள் இருக்கின்றனவே, 1984இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம், அவர்களிடம் அந்தத் தாள் போனால் அடுத்து என்ன செய்வது என்று பெற்றோருக்கு வழி காட்டுவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்கு எங்கே பதிவது, சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தால் கிடைக்கிற மாதம் 150 வெள்ளிக்கு யாரைப் பார்ப்பது என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது.

இதையெல்லாம் விரிவுரையாளரிடம் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை. பெரிய மானியத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறாராம், சமூகப் பங்காளி என்று என் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். "போட்டுக்கோங்க, ஆனா தமிழ் பேசுற உதவியாளர் சம்பளம், வர்ற குடும்பத்துக்கு அன்றைய கூலி, முடிவைத் திரும்ப வந்து சொல்ற செலவு, இந்த மூணையும் பட்ஜெட்டில் தனித்தனி வரியா காட்டுங்க, அப்புறம்தான் கையெழுத்து" என்றேன். முதல் இரண்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். மூன்றாவதற்கு மானிய விதியில் தலைப்பே இல்லையாம், பயணச் செலவில் நுழைக்க முடியுமா என்று நிதிப் பிரிவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.