கல்சியத்தைப் பாடமாக்கி மாட்டுப்பட்ட கதை

இறுதியாண்டு வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) எனக்கு விழுந்த தலைப்பு, குருதிப் புற்றுநோய்க் கலங்களில் கல்சியச் சமிக்ஞை, அதாவது கலத்துக்குள் கல்சியம் கூடிக் குறைந்து கட்டளை சொல்லும் விதம். ஸ்டடி லீவுக்கு உப்புவெளி வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை அதைத்தான் உருப்போட்டேன். வெளிச்செய்தியைப் பிடிக்கும் 'வாங்கி' என்ற புரதம், அதைக் கலத்துக்குள் கடத்தும் ஐபி3, கல்சியத்தைச் சேமித்து வைக்கும் அகமுதலுருச் சிறுவலை, பிறகு கல்மொடுலின், கல்சினியூரின், கடைசியில் மரபணுக்களை எழுப்பும் என்ஃபாற் என்ற புரதம். கண்ணை மூடிக்கொண்டு படம் கீறுவேன்.

பரிசோதகர் படம் கேட்கவில்லை. ஒரு வரைபைத் தள்ளினார். எச்எல்-60 என்ற குருதிப் புற்றுநோய்க் கலங்களுக்குக் கல்சியத்தைக் காட்டும் ஃபியூரா-2 சாயம் ஏற்றி, போர்மைல் பெப்டைட் என்ற சிறு புரதத் துண்டை விட்டிருக்கிறது. கல்சியக் கோடு தட்டையாகக் கிடந்தது.

"ஏன்?"

"சாயம் உள்ள போகேல்ல, சேர்."

அடுத்த தாளைக் காட்டினார். அதே கலங்களுக்கு ஏடிபி என்ற வேறொரு பதார்த்தம் விட்டதும் கோடு செங்குத்தாக எழும்பி நிற்கிறது. சாயத்தில் பிழையில்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

விடை சின்னது. எச்எல்-60 முதிராத வெண்குருதிக் கலம். பற்றீரியாவை மோப்பம் பிடிக்கும் அந்தப் பெப்டைட் வாங்கி அதில் இன்னும் முளைக்கவில்லை. 1.3 வீத டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் ஐந்தாறு நாள் வைத்தால், நடுநிலைநாடி (நியூட்ரோபில்) என்ற முதிர்ந்த வெண்குருதிக் கலம் போல வியத்தமடையும், அதாவது முதிர்ந்து உருமாறும். பிறகு அதே பெப்டைட்டுக்குக் கல்சியம் துள்ளும். வியத்தமடைந்ததற்கு அந்தத் துள்ளலே சாட்சி. (விட்டமின் டி3 கொடுத்தால் ஒற்றைக்குழியம் (மொனோசைற்) என்ற இன்னொரு வெண்குருதிக் கலத்தின் பக்கம் திரும்பும். இதையும் கேட்பார்கள்.)

அதனால் தம்பி தங்கச்சிமார், அம்புக்குறிகளுக்கு முதல் எண்களைப் பிடியுங்கள். ஓய்விலுள்ள கலத்தின் குழியவுருவில் (உள்ளேயிருக்கும் பாயத்தில்) கல்சியம் 100 நானோமோலர் அளவு. வெளியே 1 தொடக்கம் 2 மில்லிமோலர். பத்தாயிரம் மடங்கு! இது மண்டையில் ஏறினால், தப்சிகார்ஜின் என்ற நஞ்சு, சிறுவலைக்குள் கல்சியத்தை ஏற்றும் சேர்க்கா பம்பியை மறித்ததும் சிறுவலை ஒழுகி வெறுமையாவதும், ஸ்டிம்1 என்ற புரதம் அதை உணர்ந்து கலச் சவ்விலுள்ள ஓராய்1 என்ற கல்சிய வாசலைத் திறப்பிப்பதும் பாடமாக்காமலே வரும்.

"ஒரே கல்சியம், எப்படி வேறு வேறு கட்டளை?" என்பது கட்டாயம் வரும். எனக்கு அது விளங்கியது பக்கத்து மாதா கோயில் மணியில். பூசைக்கும் துக்கத்துக்கும் ஒரே மணிதான். அடிக்கிற இடைவெளியைக் கேட்டே அம்மம்மா குசினிக்குள்ளிருந்து "ஆரோ மோசம் போயிட்டினம்" என்பா. 1998இல் ஜேர்கற் என்ற டி-கல லூக்கேமியாக் கலங்களில் கண்டதும் அதுதான்: கல்சிய அலை அடுக்கடுக்காக வந்தால் என்ஃபாற்றும், அதைப்போல மரபணுக்களை எழுப்பும் என்எஃப்-கப்பா-பியும் சேர்ந்து விழிக்கும், ஆறுதலாக வந்தால் என்எஃப்-கப்பா-பி மட்டும்.

எனக்கு அந்தப் பாடத்துக்கு 'சி' தான். அந்த இரண்டு வரைபையும் கேட்டு வாங்கி வந்தேன். மேசைக்கு மேலே இப்பவும் ஒட்டியிருக்கு.