முதலில் தேதியைக் கேட்கும் தளம்

மதுரையில் சட்டம் படிக்கும் மாணவர்கள் சிலரோடு சேர்ந்து ஓர் இணையதளம் உருவாக்கி வருகிறேன். பட்டா மாறுதல், சம்பள பாக்கி, திரும்பி வந்த காசோலை, பிள்ளைகள் கவனிக்காத முதியோருக்கான ஜீவனாம்சம் போன்றவற்றில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர், தம் கையில் உள்ள காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினால், தன்னார்வ மாணவர் ஒருவர் அதைப் படித்து, அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைக் கட்டணமின்றிச் சொல்வார். மென்பொருள் எழுதுவது என் தொழில் என்பதால் தளத்தை அமைக்கும் வேலை விரைவாகவே முடிந்தது. வருபவரிடம் எதை முதலில் கேட்பது என்பதில்தான் பெரும்பகுதி நேரம் சென்றது.

திங்கட்கிழமை காலையில் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்றவர்களுக்கு இதன் தேவை விளங்கும். மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வருபவர்கள், மஞ்சள் பையில் காகிதக் கட்டை வைத்துக்கொண்டு, மனு எழுதித் தருபவருக்குப் பணம் கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுள் பலருடைய பிரச்சினை ஆட்சியர் தீர்க்கக்கூடியதே அல்ல. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு என்றால் அதை முடிவு செய்ய வேண்டியது உரிமையியல் நீதிமன்றம். மனு வட்டாட்சியருக்குப் போய், நீதிமன்றத்தை அணுகுமாறு பதில் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அலைச்சலைவிட இந்தக் கால விரயமே பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

ஏனெனில், சட்டத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு கெடு உண்டு. காசோலை பணமின்றித் திரும்பியது என்று வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவர் 15 நாட்களுக்குள் பணம் தராவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டுகள். தகவல் உரிமைச் சட்டத்தின்படி 30 நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். நியாயம் முழுவதும் ஒருவர் பக்கம் இருந்தாலும், கெடு தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டி நீதிமன்றத்தின் மன்னிப்பைக் கோரும் நிலைக்கு அவர் தள்ளப்படுகிறார். ஆகவே எங்கள் படிவத்தில் பெயருக்கும் ஊருக்கும் முன்பாக, ‘இந்தக் காகிதம் உங்கள் கைக்கு எப்போது வந்தது?’ என்ற கேள்வியே நிற்கிறது. கெடு நெருங்கியவை தாமாகவே வரிசையின் முன்னால் வந்துவிடும்.

சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர் அனுப்பிய செய்தி இந்த ஏற்பாட்டின் பயனைக் காட்டியது. கொள்முதல் செய்தவர் உறவுக்காரர் என்பதையும், அவர் எத்தனை முறை நாளைக்கு நாளைக்கு என்று தவணை சொன்னார் என்பதையும் அவர் விரிவாகச் சொல்லியிருந்தார். தேதிக்கான இடத்தில் ‘ஞாபகம் இல்லை’ என்று இருந்தது. காசோலை திரும்பியதாக வங்கி கொடுத்த சீட்டை இணைத்திருந்தார்; அது சட்டைப் பையில் நான்காக மடிந்து கிடந்தது போலும், முத்திரையின் தேதி சரியாக மடிப்பில் விழுந்து மங்கியிருந்தது. மாணவி அவரைத் தொலைபேசியில் அழைத்து, சீட்டை மேசையில் வைத்து நீவி, வெயில் படும் இடத்தில் மறுபடி படமெடுக்கச் சொன்னாள். கெடுவுக்கு ஒரு வாரம்கூட மீதமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கே அவரை ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பினோம்.

அனுப்பினோம் என்பதே முக்கியம். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, பதிவு பெற்ற வழக்கறிஞர்களே தொழில் நடத்தலாம். மாணவர்கள் வழக்காட முடியாது. எங்கள் தளத்தில் ஒரு வழக்கறிஞர் பார்த்து ஒப்புதல் தராமல் எந்தப் பதிலும் வெளியே போகாது. ஆனால் வழியைக் காட்டுவதற்கு மாணவர்கள் தாராளமாகப் போதும். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பதும், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பதும் தெரியாத குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் தாமே மனுக் கொடுக்கலாம் என்பதைக் கேட்டு வியப்படையும் முதியவர்களும் இருக்கிறார்கள்.

தட்டச்சு செய்யத் தயங்குபவர்களுக்காகக் குரல் பதிவும் வைத்திருக்கிறோம்; பெரும்பாலோர் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை மறைத்த பிறகே படம் மாணவரின் திரைக்குப் போகும். மதுரைப் பேச்சில் வரும் கதையைக் கேட்டு, அதிலிருந்து தேதியையும் சொல்பவர் வேண்டும் தீர்வையும் பிரித்தெடுப்பது வகுப்பறையில் எளிதில் கிடைக்காத பயிற்சி. சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்று சட்டக் கல்வியை நெறிப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் சொல்வதும் இந்தப் பயிற்சியைக் கருதித்தான் என்று நம்புகிறேன்.

இப்போதுள்ள பெரிய சிக்கல் தேர்வுக் காலம். பருவத் தேர்வு வந்தால் மாணவர்கள் ஒட்டுமொத்தமாக ஒதுங்கிவிடுவார்கள். கெடுக்கள் அவர்களுக்காகக் காத்திருக்காது. மூன்றாண்டு, ஐந்தாண்டுப் படிப்புகளின் தேர்வு அட்டவணைகளைப் பார்த்து முறை வைத்துப் பிரிக்க முயல்கிறோம். அந்த வாரங்களில் தினமும் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இளம் வழக்கறிஞர்கள், குறிப்பாக மேலூர், திருமங்கலம் நீதிமன்றங்களில் பணியாற்றுபவர்கள், எங்களோடு சேர்ந்தால் தளத்தை ஆண்டு முழுவதும் மூடாமல் நடத்த முடியும்.