ஆர்பிஐ யார் கணக்குல ஏறும்?

பேஸ்பால் ஸ்கோர்ல ஆர்பிஐனு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, பேட்டர் ஆடினதால எத்தனை ரன் உள்ள வந்துச்சுங்கற கணக்கு அது, கேக்க சிம்பிளாதான் இருக்கும், உள்ள போனா தலை சுத்தும். ஹிட் அடிச்சு, பேஸ்ல நின்ன ஆள் ஹோமுக்கு (பேட்டர் நின்னு ஆடற எடம், சுத்தி அங்க வந்து சேந்தாதான் ரன்) வந்தா உண்டு, அதுல குழப்பமே இல்ல. ஹோம் ரன்னுன்னா, அதாவது அடிச்சவரே எல்லா பேஸையும் சுத்தி வந்துட்டா, அவரோட ரன்னும் சேத்தி, பேஸ் மூணுலயும் ஆள் நின்னு ஃபுல்லா இருந்தா ஒரே அடியில 4.

இப்ப இத பாருங்க. பேஸ் மூணும் ஃபுல், பேட்டர் மட்டையவே அசைக்கல, பந்து போடற பிட்சர் கன்னாபின்னானு போட்டு வாக் குடுத்துட்டாரு (பேட்டருக்கு முதல் பேஸ் சும்மாவே கிடைக்கும், மத்தவங்க ஒரு பேஸ் தள்ளிப் போவாங்க), மூணாவது பேஸ்ல நின்னவரு ஹாயா நடந்தே வந்து ரன் எடுக்கறாரு, அதுக்கும் ஆர்பிஐ உண்டு! உடம்புல பந்து பட்டாலும் அப்படித்தான். ஆனா அதே எடத்துல ஓங்கி அடிச்சு, பந்து தரையோட போய் டபுள் பிளே, அதாவது ஒரே அடியில ரெண்டு பேர் அவுட் ஆயிடுச்சுனா, ரன் வந்தாலும் ஆர்பிஐ கிடையாது. தூக்கி அடிச்சு கேட்ச் ஆகி அந்த கேப்ல ஆள் ஓடி வந்தா மட்டும் உண்டாம். சுத்த ஓரவஞ்சனைங்க இது.

எர்ரர்தான், அதாவது ஃபீல்டர் பண்ற தப்புதான், பெரிய இழுவை. அப்படி சொதப்பி வந்த ரன்னுக்கு பொதுவா ஆர்பிஐ இல்ல, ஆனா ரெண்டு அவுட் ஆகறதுக்கு முன்னாடி, மூணாவது பேஸ்காரர் எப்படியும் வந்திருப்பாருன்னு கணக்கு எழுதற ஸ்கோரருக்கு தோணினா குடுத்துடுவாரு.

ஹேக் வில்சன்னு ஒரு அமெரிக்க பேஸ்பால் பிளேயர் 1930ல 190 ஆர்பிஐ எடுத்தாருன்னுதான் ரொம்ப வருஷம் இருந்துச்சு, 1999லதான் பழைய கணக்க நோண்டி 191னு மாத்தினாங்க. மனுஷன் 1948லயே போயிட்டாரு. அந்த ஒரு சீசன் ரெகார்ட இன்னும் யாரும் தாண்டல.