பின்னால் வருபவரையும் சேர்த்துத் திட்டமிடும் மென்பொருள்

கட்டடத்துக்குள் பார்வையாளர்களை அழைத்துச் செல்லும் ரோபோவுக்கு மென்பொருள் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வழித்தேடலில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அது ஏறக்குறைய தீர்ந்துவிட்ட கணக்கு. வரைபடமும் சேருமிடமும் தெரிந்தால் ஏ-ஸ்டார் போன்ற பழைய படிமுறையே குறுகிய பாதையைக் கணித்துத் தந்துவிடும். உண்மையான சிக்கல் மனிதர்கள் சுற்றி நிற்கும்போதுதான் தொடங்குகிறது.

1997-இல் ஜெர்மனியின் பான் நகரிலுள்ள டாய்ச்செஸ் அருங்காட்சியகத்தில் வழிகாட்டிய ‘ரைனோ’ ரோபோ இதற்கு நல்ல சான்று. கூட்டம் சூழ்ந்துகொண்டால் அதன் லேசர் உணரிக்கு (சென்சாருக்கு) சுவர் தெரியாது, கால்கள்தாம் தெரியும். ஆகவே, வரைபடத்தின்படி தொலைவில் சுவர் இருக்க வேண்டிய திசையில் எதிர்பாராத வகையில் மிக அருகில் ஏதேனும் தென்பட்டால், அந்த அளவீட்டை இருப்பிடக் கணிப்பிலிருந்து ஒதுக்கிவிடும் வடிகட்டியை அதை உருவாக்கியவர்கள் அமைத்தார்கள். மோதலைத் தவிர்க்கும் பகுதிக்கோ அதே அளவீடு மிகவும் தேவை. கண்ணாடிப் பெட்டிகளில் நிலைமை தலைகீழ்: உணரிக்குத் தெரியாத அவற்றை வரைபடத்திலிருந்து எடுத்து, உணரியே கண்டதுபோல் மோதல் தவிர்ப்புக்கு ஊட்டினார்கள். உணரித் தரவை எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே வடிவில் அனுப்பும் கட்டமைப்பை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

ஒரே ஒருவரை அழைத்துச் செல்லும்போது வேறு வகைத் தொல்லை. அவர் கைபேசியை எடுத்துப் பேசத் தொடங்கி நின்றுவிட்டால் ரோபோவும் நிற்க வேண்டும். இடைவெளி மூன்று மீட்டரைத் தாண்டினால் நில், அதற்குள் வந்தால் நகர் என்று ஒரே எல்லையை வைத்தால், அந்த எல்லையை ஒட்டி அவர் நடக்கும்போதெல்லாம் ரோபோ நின்று நின்று குலுங்கும். நிற்பதற்கு மூன்று, புறப்படுவதற்கு இரண்டு என இரு எல்லைகளை வைத்தால் அது ஓய்ந்துவிடும். எதிரே வருபவர் குறுக்கே கடக்கும் நொடியில், அவரையே பின்தொடர்பவர் என்று ரோபோ தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு. அத்தகைய வேளையில் ‘இவராகத்தான் இருக்கும்’ என்ற நிகழ்தகவை நம்பி நடப்பதைவிட, ‘மூன்றாம் தளத்துக்கு வருபவர் நீங்கள்தானே?’ என்று ரோபோவைக் கேட்க வைப்பதே மேல் என்பது என் கருத்து. (இதைத் தோல்வியாகக் கருதும் பொறியாளர்களும் இருக்கிறார்கள்.)

கேட்பதற்கு முன்னோடிகள் உண்டு. 1998-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இயங்கிய ‘மினர்வா’ வழிவிடக் கோரும்போது முகபாவத்தையும் குரலையும் மாற்றிக்கொண்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘கோபாட்’ ரோபோவுக்குக் கைகள் இருக்கவில்லை. லிஃப்ட் பொத்தானை அழுத்தித் தரும்படி அருகில் இருப்பவரையே அது கேட்டது. இதைப் பின்பற்ற விரும்புவோர், உதவி கேட்பதை நிலைப்பொறியில் (ரோபோ எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறலாம் என்று வரையறுக்கும் நிரல் அமைப்பில்) தனி நிலையாகவே எழுதி, எவ்வளவு நேரம் காத்திருப்பது, யாரும் வராவிட்டால் விருந்தினரிடம் என்ன சொல்வது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும்.